முதலாளி போகாமலிருக்க ஒரு பால்குடம்

வருமான வரி கூடிய மாதத்திலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் முதலாளிக்காகப் பயந்துகொண்டிருந்தார்கள். அவருக்குச் சுகமில்லை என்றல்ல. அவர் டுபாய்க்குக் குடிபோய்விடுவாராம்.

தொழிற்சங்கத் தலைவர் செல்லையா, காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் வைத்துச் சொன்னார். "சம்பாதிக்கிறதுல மூணுல ஒரு பங்குக்கு மேல அரசாங்கமே புடுங்கிக்குதாம். பணக்காரங்க எல்லாம் பொட்டியக் கட்டுறாங்க. நம்ம முதலாளியும் போயிட்டா தோட்டம் காடாயிரும். அவரு நிக்கணும்னா நாமளும் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும்."

வளைவது என்றால் இதுதான். இதுவரை பதினெட்டு கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், முழுநாள் சம்பளம். இனி இருபது எடுக்க வேண்டும். குறைந்தால் அரைப் பேர், அரைநாள் சம்பளம்.

"ஏற்கெனவே வளைஞ்சுதானே கெடக்கோம் தலைவரே. இன்னும் வளைஞ்சா தல தரையில முட்டும்" என்றாள் கோகிலா அக்கா. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, கோயில் திருவிழாவில் முதலாளியிடமே சம்மதம் சொல்வதென்று முடிவு செய்தார்கள்.

அம்மாவின் வலது தோள் வீங்கியிருந்தது. பதினெட்டே அவளுக்குப் பெரும்பாடு. இருபது என்றால் தினமும் அரைப் பேர்தான். தெரிந்தும், முதலாளி போகக்கூடாதென்று மாரியம்மனுக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள்.

"அரைப் பேராவது இருக்கும் புள்ள. தோட்டத்த மூடிட்டா எங்க போவோம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பேசவில்லை. வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்பதற்காகவே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முதலாளியின் பங்களாக் குசினியில் சமையல் உதவி வேலை. அங்கே பேசத் தேவையில்லை.

திருவிழாவுக்கு முதல்நாள் இரத்தினபுரியிலிருந்து மாணிக்கக்கல் வியாபாரி நுஹ்மான் ஹாஜியார் பங்களாவுக்கு வந்தார். நான் தேநீர் கொண்டுபோனேன்.

"மெய்யாவே போறீங்களா முதலாளி?"

முதலாளி சிரித்தார். "எங்க போறது ஹாஜியார்? தேயிலையப் புடுங்கி பிளேன்ல ஏத்த ஏலுமா? அங்க போனா என்னைக் கண்டு யாரு எழும்பி நிப்பாங்க?"

"ஒங்கட மகன் மெல்பர்ன் போனாரே?"

"அவன் வரி கூடுறதுக்கு எத்தனையோ வருஷம் முந்தியே போனவன். படிக்கப் போனான், கல்யாணம் கட்டினான், நின்னுட்டான். வரிக்காகவா போனான்?" பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார். "நான் வரியக் கட்டிட்டு இங்கதான் இருப்பேன். ஆனா போறேன் போறேன்னு சொல்லிட்டே இருக்கணும். வெறும் வாய்ப்பேச்சுக்கே ரெண்டு கிலோ கூடக் கெடைக்குதே."

ஹாஜியார் சிரிக்கவில்லை. "பாவம் முதலாளி. ஒங்களுக்காகப் பூசை எல்லாம் வைக்கிறாங்களாமே."

"வைக்கட்டுமே."

நான் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றேன். எனக்கும் என் கையிலிருந்த தட்டுக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட நினைத்தேன். அம்மா குடத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். என்னால் முடியவில்லை.

மறுநாள் கோயிலில் முதலாளிக்குத்தான் முதல் மாலை. தலைவர் கைகூப்பினார். "எங்கள விட்டுட்டுப் போயிராதீங்க. நீங்க கேட்ட இருபதுக்கு நாங்க சம்மதம்."

முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு பெருமூச்சு விட்டார். "நாட்டு நிலைமை அப்படி. உங்க முகத்துக்காகத்தான் யோசிக்கிறேன்."

எங்கள் முகத்துக்காகவாம்! வலது கையைத் தூக்க முடியாமல், தலையிலிருந்த குடத்தை இடது கையால் மட்டும் பிடித்துக்கொண்டு அம்மா அவரைப் பார்த்துக் கண்ணீர் விட்டாள்.

"போகச் சொல்லுங்க."

யார் பேசியது என்று நானே திரும்பிப் பார்த்தேன். பேசியது நான்தான். தப்பு மேளச் சத்தம் நின்றது.

"போகச் சொல்லுங்க, போக மாட்டாரு. தேயிலைய பிளேன்ல ஏத்த ஏலாதுன்னு நேத்து ஹாஜியார்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு. போறேன்னு சொன்னாலே ரெண்டு கிலோ கெடைக்குதாம். நான்தான் தேத்தண்ணி குடுத்தேன்."

"பொய்!" என்றார் முதலாளி. "குசினிப் புள்ளைக்கு என்ன வெளங்கிச்சோ."

"வாய மூடு புள்ள" என்றார் தலைவர்.

"ஊமைன்னு நெனச்ச புள்ள பேசுது, மூடச் சொல்றீங்களே" என்று கோகிலா அக்கா முன்னால் வந்தாள். "அப்ப நீங்களே கேளுங்க தலைவரே, எந்தத் தேதியில போறாருன்னு."

தலைவர் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். முதலாளி மாலையைக் கழற்றி டிரைவர் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் சன்னதிக்குப் போய்ப் பூசாரியிடம் குடத்தை நீட்டினாள். "ஆத்தா, அந்த ஆளுக்காக நேர்ந்தத திருப்பி எடுத்துக்கிட்டேன். இந்தப் பால் என் தோளுக்கு" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

எனக்குப் பங்களா வேலை போய்விட்டது. அடுத்த வேலைநாள், பெண்கள் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கூடைகளை இறக்காமல் நின்றார்கள். பதினெட்டுக்கு முழுப் பேர் போட்டால்தான் நிறுவை என்றார்கள். வெயிலில் கொழுந்து வாட ஆரம்பித்தது. வாடினால் நட்டம் யாருக்கென்று அவர்களுக்குத் தெரியும். கணக்கப்பிள்ளை பங்களாவுக்கு ஓடிப்போய்த் திரும்பி வந்து, பதினெட்டுக்கே முழுப் பேர் போட்டார்.

வரி குறையவில்லை. முதலாளியும் போகவில்லை. எங்கள் லயத்து வீடுகளைத் தாண்டும்போது மட்டும் ஜீப் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார். வாசலில் தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும் அம்மா, கண்ணாடியைத் தாண்டி உள்ளே கேட்கும்படி கத்துவாள்:

"இன்னுமா போகல இவரு?"