தனியாக நின்ற சுரம்

கண்ணாடிக்கடைக்காரர் அந்த ஞாயிற்றுக்கிழமை செய்தது ஒன்றும் பெரிய காரியமில்லை. பியானோவிலிருந்து கையை எடுத்தார், அவ்வளவுதான். அதற்காகவா ஒரு மனுஷன் வாரம் முழுக்கச் சோறு இறங்காமல் அலைவான் என்று கேட்காதீர்கள். முழுசாகச் சொல்கிறேன்.

அவர் வாசிப்பது சர்ச்சில், அதுவும் ஜாஸ். போதகர் கொஞ்சம் வேறு மாதிரி ஆள். "எழுதி வச்சதை யார் வேணா வாசிப்பாங்க. வாசிக்கும்போது ஒருத்தன் தவறினா நீங்க என்ன பண்றீங்கன்னுதான் நான் பாப்பேன்" என்பார். குழுவுக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று: யார் பிசகினாலும் பியானோ உடனே அந்தப் பிசகான சுரத்தையே எடுத்து வாசிக்க வேண்டும், மற்றவர்கள் கூடவே வந்து சேர வேண்டும். எல்லோருமாக வாசித்துவிட்டால் அது பிசகில்லை, பாட்டு. "ஆண்டவர் நம்ம விஷயத்துல பண்ணினதும் இதுதானய்யா" என்று பிரசங்கத்திலேயே சொல்லியிருக்கிறார்.

சாக்ஸபோன் வாசிப்பவர் கண்ணாடிக்கடைக்காரரின் தங்கை புருஷன். லிஃப்ட் மெக்கானிக். குடித்துக் குடித்து வீட்டை இரண்டாக்கியவர், குடியை விட்டு இப்போதுதான் சபையில் தலைநிமிர்ந்து நடக்கிறார். நடக்கட்டுமே! ஆனால் அவர் வாசித்து முடித்தால் ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள், ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு சொட்டு குடிக்காமல், ஒரு ஞாயிறு தவறாமல், வருஷக்கணக்காக மூலையில் உட்கார்ந்து வாசிக்கிற மனுஷனை ஈ காக்காய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கடைக்காரருக்கு வயிறு எரிந்தது.

அன்றைக்கு மாப்பிள்ளை தனியாக வாசிக்கும் இடத்தில் ஒரு சுரம் பிசகியது. யாருக்கும் பிசகுவதுதான். அவர் நம்பிக்கையாகப் பியானோ பக்கம் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கடைக்காரர் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பியானோ நின்றதும் டிரம்ஸும் நின்றது. அந்தச் சுரம் சர்ச் நடுவில் அம்மணமாக நின்றது. முன்பெஞ்சு அம்மாள் பக்கத்து அம்மாளிடம், "மறுபடி ஆரம்பிச்சுட்டார் போல" என்றாள். போதாதா? கண், காது, மூக்கு வைத்துச் சாயங்காலத்துக்குள் சபை முழுக்கப் போய்விட்டது.

சனிக்கிழமை தங்கை கடைக்கு வந்தாள். கண்ணுக்குப் பவர் பார்க்கும் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அண்ணா, குடிக்கவே இல்லைன்னு சத்தியம் பண்றார். வாயை மோந்து பாத்தேன், வாடையும் இல்லை. ஆனா எத்தனை தடவை ஏமாந்திருக்கேன்! நாளைக்கு சர்ச் முடிஞ்சதும் பிள்ளைங்களைக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கே வந்துடறேன்."

"அவசரப்படாதம்மா. பாக்கலாம்."

"நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாதா! அவர் கையிலிருந்த லென்ஸைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"சரியா கவனிக்கலம்மா" என்றார், வாய் கூசாமல்.

அவள் போன பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருக்குத் தன் முகம்தான். கண்ணாடிக்கடையில் சுவரெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடி, பாவி எங்கே போய் ஒளிவான்? கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை சாக்ஸபோன் பெட்டி இல்லாமல் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். தங்கை பிள்ளைகளோடு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். அவள் காலடியில் துணிமணி திணித்த ஒரு பை இருந்தது.

பாட்டில் மாப்பிள்ளை தனியாக வாசிக்கும் அந்த இடம் வந்தது. கண்ணாடிக்கடைக்காரர் போன வாரத்துப் பிசகான சுரத்தை ஓங்கி அடித்துவிட்டு எழுந்தார்.

"போன வாரம் மாப்ள குடிக்கல. ஒரு சுரம் பிசகுச்சு, அவ்வளவுதான். நான் அதை எடுத்து வாசிச்சிருக்கணும். வேணும்னேதான் கையை எடுத்தேன். பொறாமை. நீங்கல்லாம் அவரைப் பேசினப்போ வாயை மூடிட்டு இருந்தேன். என் தங்கச்சி நேர்ல வந்து கேட்டும் பொய் சொன்னேன்."

டிரம்ஸ்காரர் குச்சியைப் பிடித்தபடி முழித்தார். முன்பெஞ்சு அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அடித்த சுரத்தோடு யாரும் வந்து சேரவில்லை. தங்கை பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு நாலு அறை விட்டிருக்கலாம். போன வாரம் மாப்பிள்ளையை நிற்க வைத்தது இந்த இடத்தில்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு முனகல் கேட்டது. மாப்பிள்ளைதான். அதே பிசகான சுரத்தை வாயாலேயே பிடித்து, வழியிலுள்ள பெஞ்சுகளில் விரலால் தாளம் தட்டிக்கொண்டே நடந்து வந்தார். திரும்பத் திரும்ப அதே சுரம். தங்கை துணிப்பையைக் காலால் பெஞ்சுக்கடியில் தள்ளினாள். கண்ணாடிக்கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார், இதைத் தாங்க முடியவில்லை. கண்ணீரில் பியானோவே தெரியவில்லை.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து குனிந்தார்.

"உக்காருங்க மச்சான். எவ்வளவு நேரம்தான் நான் தனியா நிக்கிறது?"

அவர் உட்கார்ந்து அந்தச் சுரத்தை எடுத்தார்.