நனையாத மூலை

செல்லசாமியின் வாயில் வராத சொல் ஒன்று உண்டு. 'இல்லை' என்பதுதான் அது. வீட்டில் சீனி தீர்ந்துபோயிருந்தாலும், வந்தவரிடம் "சீனி போடாம குடிச்சுப் பாருங்க, அதுதான் ஒடம்புக்கு நல்லது" என்று தேத்தண்ணியை நீட்டுவாரே தவிர, இல்லை என்று சொல்ல மாட்டார். நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய் ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில், அவர் குடும்பம் இப்படித்தான் மானத்தோடு காலம் தள்ளியது. அந்த மானத்துக்குச் சோறாக்கிப் போடுகிற வேலை மட்டும் மனைவி ஜீவராணியுடையது.

மகள் வினோதா உயர்தரப் பரீட்சையில் தேறிவிட்டாள். ஆனால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டாள். அவள் பள்ளிக்கூடத்துக்கு இரசாயன ஆசிரியர் வந்ததே கடைசி வருடத்தில்தான். வந்தவரும் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். இப்படி வசதியில்லாத இடங்களில் படித்துத் தேறிய பிள்ளைகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் சில இடங்களைத் தனியாக ஒதுக்கியிருந்தது. வினோதா அதற்கு மனுப்போட்டு, நேர்முகமும் முடித்துவிட்டாள். இனி அந்தக் கெம்பஸிலிருந்து ஒரு மிஸ் வந்து வீட்டு நிலைமையைப் பார்க்க வேண்டும். கஷ்டப்பட்ட குடும்பம்தான் என்று அவர் சொன்னால் கெம்பஸ். வசதியான வீடு என்று சொல்லிவிட்டால் கொழும்பில் ஏதாவது துணிக்கடை.

வினோதா இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கமாகத்தான் சொன்னாள். ஆனால் "வீட்டைப் பாக்க வர்றாங்கப்பா" என்ற இடத்திலேயே அவர் காதில் மேளச்சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. மீதி உள்ளே போகவில்லை.

பெண் கேட்டு வருகிறவர்கள் வீட்டைப் பார்ப்பார்கள். அப்போது என்ன செய்வது என்று லயத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எந்த வீட்டுக் காம்பிராவுக்கு ஆள் வந்தாலும் எல்லாக் காம்பிராச் சாமான்களும் அங்கே போய்ச் சேரும். காரியம் முடிந்ததும் அவரவர் வீட்டுக்குத் திரும்பும். மாப்பிள்ளை வீட்டாருக்கும் இது தெரியும். அவர்கள் கழுத்தில் மின்னுகிற சங்கிலியும் பக்கத்து லயத்திலிருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

"கஷ்டத்தப் பாக்கத்தான் வர்றாங்கன்னு புள்ள சொல்லிச்சே" என்றாள் ஜீவராணி.

"கஷ்டத்தப் பாக்க யாரு பஸ் ஏறி வருவா?" என்றார் செல்லசாமி. "நல்ல குடும்பமான்னு பாத்துட்டுத்தான் எடம் குடுப்பாங்க. நீ சும்மா இரு."

மிஸ்ஸுக்கு வழி தெரியாது என்று வினோதா சந்திக்குப் போய்க் காத்து நின்றாள். அந்த நேரம் போதுமாக இருந்தது. மீனம்மா வீட்டு சோபா வந்தது. வீரம்மா பூப்போட்ட கோப்பைகளையும் திரைச்சீலையையும் கொண்டுவந்தாள். விஜிதரன் தன் பெரிய டீவியைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்கி வந்து, கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஒழுகாத மூலையிலதான் வைப்பேன் அண்ணே" என்று கண்டிப்பாகச் சொன்னான். ஒழுகாத மூலை அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான். டீவி அங்கே உட்கார்ந்தது. ஜன்னலோரம் கிடந்த பழைய தேயிலைப் பெட்டியை, வினோதாவின் புத்தகங்களோடு, செல்லசாமி குசினிக்குள் அடுப்போரம் தள்ளி மறைத்தார். மகளின் எதிர்காலத்துக்கு அது ஒன்றுதான் கரும்புள்ளி என்று அவருக்குப் பட்டது.

வினோதா மிஸ்ஸோடு வாசலில் வந்து நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். வீடு சரிதானா என்று ஒருமுறை கதவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கண் கலங்கியது. பிள்ளைக்குச் சந்தோசத்தில் பேச்சு வரவில்லை என்று செல்லசாமி நினைத்துக்கொண்டார்.

அசீசா மிஸ் சோபாவில் உட்கார்ந்து, பூப்போட்ட கோப்பையில் வந்த தேத்தண்ணியைக் குடித்தபடி நாலு பக்கமும் பார்த்தார். பார்க்கப் பார்க்க மடியிலிருந்த தாளில் எழுதினார்.

"நல்ல வசதியாத்தான் இருக்கீங்க, ஐயா."

"ஒரு கொறையும் கெடையாது மிஸ்!" என்றார் செல்லசாமி. சுவரோரம் நின்ற ஜீவராணி தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கி, விருந்தாளி முன்னால் வேண்டாமென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"டீவியெல்லாம் பார்ப்பீங்களா?"

"அதுதான் மிஸ் எங்களுக்குப் பொழுதுபோக்கே." டீவியின் வயர் எங்கும் சொருகப்படாமல் தரையில் கிடந்தது.

மிஸ் ஒரு பெருமூச்சு விட்டுப் பேனாவை மூடப் போனார். வினோதா தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தகரத்தில் படபடவென்று விழுந்தது மழை.

மழையென்றால் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஜீவராணியின் கை தானாகச் சட்டிகளை எடுத்தது. வினோதா பாயைச் சுருட்டினாள். செல்லசாமியோ மானம், மிஸ், கெம்பஸ் எல்லாவற்றையும் மறந்து குசினிக்குள் பாய்ந்தார். பெட்டியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்தார். மூலையில் ஏதோ இடைஞ்சலாக இருந்தது; அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியை அங்கே இறக்கி, புத்தகங்களின் மேல் ஒரு துளி பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"அண்ணே! என் டீவி!" என்று வாசலிலிருந்து அலறினான் விஜிதரன். ஓரமென்று அவர் வைத்தது சரியாகப் பெரிய ஒழுக்குக்குக் கீழே.

அந்த ஒரு குரல் போதும். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த லயமே உள்ளே வந்தது. "மிஸ், கொஞ்சம் எந்திரிங்க, மெத்தை நனைஞ்சா எம் மவன் என்னைக் கொன்னுருவான்" என்று மீனம்மா சோபாவை ஒரு பக்கம் தூக்க, மறுபக்கம் யாரோ பிடித்தார்கள். திரைச்சீலை போனது. வீரம்மா மரியாதையாக, மிஸ் கடைசி மடக்கைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, கோப்பையை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

வெறும் காம்பிராவில் சட்டிகளுக்கு நடுவே அசீசா மிஸ் நின்றார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்க. இதில உங்கட சாமான் எது?"

செல்லசாமி மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் இருந்தது சந்தோசமல்ல என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

"இந்தப் பெட்டியும் அந்தச் சட்டிகளும்தான் மிஸ்." தொண்டையைக் கனைத்தார். "மத்தபடி எங்ககிட்ட ஒண்ணும்... இல்ல."

சொல்லிவிட்டார். கூரை இடிந்து விழவில்லை, ஒழுகத்தான் செய்தது.

"நனையாத இடம் இது ஒண்ணுதான் போல. மழைக்கு நீங்க எங்க படுப்பீங்க?"

"நாங்க நனைஞ்சா காஞ்சிருவோம் மிஸ். புத்தகம் ஒருக்கா நனைஞ்சா போச்சே."

மிஸ் எழுதிய தாளைக் கிழித்து, புதுத்தாள் ஒன்றை எடுத்து, அந்தப் பெட்டியின் மேலேயே வைத்து எழுதினார். எழுதி முடித்ததும், "இன்னொரு தேத்தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார். சொந்த டம்ளரில்தான் கொடுத்தாள் ஜீவராணி. அதன் விளிம்பு நசுங்கியிருந்தது. சீனியும் இல்லை. இந்த முறை செல்லசாமி அதையும் சொன்னார்.

வினோதாவுக்கு இடம் கிடைத்தது. டீவியில் இன்றைக்கும் எல்லார் முகமும் பச்சையாகத்தான் தெரிகிறது. எங்கள் லயத்தின் முதல் கெம்பஸ் பிள்ளைக்காக டீவி இழந்த கண் அது என்று விஜிதரன் போகிற இடமெல்லாம் சொல்லித் திரிகிறான்.

அவள் விடுதிக்குப் போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. செல்லசாமி பாய்ந்தோடி ஜன்னலோரம் போய்க் குனிந்தார். கை வெறும் தரையில் தட்டியது. பெட்டி மகளோடு போயிருந்தது.

"அதான் மூல காலியா இருக்குல்ல, போய் அங்க படுங்களேன்" என்றாள் ஜீவராணி, சட்டியை வைத்துக்கொண்டே சிரித்து.

அவர் போய்ப் படுத்தும் பார்த்தார். ஒரு துளி விழவில்லை. அப்படியும் கண் நனைந்திருந்தது. எழுந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு, பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டார்.

"என்ன, அங்க வசதியா இல்லையா?"

"இல்ல" என்றார் செல்லசாமி.