சிவில்னா நெலத்துக்குத்தானே

இருபத்து மூணு வருஷமா ஒரே கேள்வியைக் கேட்டு ஒரே தப்புப் பதிலைத் திருத்திட்டு இருக்கேன். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன? கொடைக்கானல்ல நான் வேலை பாக்கிற ஸ்கூல்ல வெளிநாட்டுப் பாடத்திட்டம். பதினொண்ணாங் கிளாஸுக்கு அமெரிக்க வரலாறு என் தலையில. இந்த வருஷமும் முப்பது பேர்ல பத்தொன்பது பேர் 'மாநில உரிமை'ன்னு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. 'எதுக்கான உரிமை?'ன்னு சிவப்புப் பேனாவில பத்தொன்பது தடவை எழுதணும். கை வலிக்குது ஏசப்பா.

அந்தச் சனிக்கிழமை வெள்ளனே பேப்பர் கட்டைத் தூக்கிட்டு வில்பட்டிக்குப் போனேன். அப்பா வீடு. அப்பா போய்ப் பன்னிரண்டு வருஷம். அதில பதினோரு வருஷம் எங்க அண்ணன் பரமானந்தமும் தம்பி டிக்சனும் கோர்ட்டில. ஒரு வீடு, ஒரு கிணறு, கேரட்டும் பூண்டும் போடுற நாலு ஏக்கர் தோட்டம். இதுக்கு எத்தனை வாய்தா! ஒருவழியா ரெண்டு பேரும் ராஜிக்கு வந்திருந்தாங்க. பதினோரு மணிக்குப் பெருமாள்மலையில வக்கீல் சுவாமிநாதன் ஆபீஸ். எனக்குக் கல்யாணத்தப்பவே செஞ்சாச்சாம், அதனால என் பங்கு வேண்டாம்னு விடுதலைப் பத்திரத்தில நான் கையெழுத்துப் போடணும். போட்டுத் தொலைச்சிடலாம்னுதான் இருந்தேன். சண்டை முடிஞ்சாப் போதும்னு ஆகிப்போச்சு.

பங்கு லிஸ்ட்டை டைப் பண்ணதும் நான்தான். அண்ணன் போன்ல சொல்லச் சொல்ல, ரெண்டு பீரியடுக்கு நடுவில ஸ்டாஃப் ரூம்ல உட்கார்ந்து அடிச்சேன்.

அடுப்படியில பேப்பர் திருத்திட்டு இருந்தப்ப கந்தம்மாள் பிளேன்டீ கொண்டுவந்து வெச்சா. தோட்டத்து ஓரத்து ஒத்தை ரூம்ல இருக்கிறவ. சிலோன் தேயிலைத் தோட்டத்திலேர்ந்து பன்னிரண்டு வயசில அப்பன் ஆத்தாளோட திரும்பி வந்தவ. எங்க தோட்டத்துக்கு வேலைக்கு வந்த அந்தக் குடும்பத்தில இப்ப மிச்சம் அவ ஒருத்திதான். அந்த ரூமை இன்னைக்கும், அங்கத்துக் கூலி வரிசை வீட்டைச் சொல்ற மாதிரி, 'லயம்'னுதான் சொல்லுவா. என்னைவிட எட்டு வயசு மூத்தவ, ஆனா நாங்க மூணு பேரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

"என்னம்மா இம்புட்டுச் செவப்பு? புள்ளைக என்னத்தை எழுதிச்சுக?"

"அமெரிக்காவில சிவில் வார்னு ஒரு சண்டை, கந்தம்மா. அதைப் பத்தி."

"அவுகளுக்கும் சிவிலா!" மோவாயில கையை வெச்சுக்கிட்டா. "எந்த நெலத்துக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்திடுச்சு. பதினோரு வருஷமா இந்த வீட்டில அவ அதிகமாக் கேட்ட இங்கிலீஷ் வார்த்தை அதுதான். சிவில்னா சர்வேயர், கல்லு, வாய்தா.

"நெலத்துக்கு இல்ல, ஆளுகளுக்கு. அங்க தெற்குப் பக்கம் கறுப்பு ஜனங்களைச் சொத்தா வெச்சிருந்தாங்க. வாங்குவாங்க, விப்பாங்க, அப்பன் செத்தா புள்ளைகளுக்குப் பங்கு வெப்பாங்க. புதுசாச் சேர்ற இடத்திலயும் அப்படி வெச்சுக்கலாமா கூடாதான்னு ஆரம்பிச்சு, நாடே ரெண்டா நின்னு அடிச்சுக்கிச்சு."

"கட்சிக்காரங்க ஒண்ணும் சொல்லலையா?"

"நல்லாக் கேட்ட போ. விக்னு ஒரு கட்சி. ரெண்டு பக்கத்து ஆளும் அதில இருந்தாங்க. இந்த ஒரு விஷயத்தை மட்டும் பேசாம இருபது வருஷம் ஓட்டினாங்க. பேசியே ஆகணும்னு வந்தப்ப கட்சியே காணாமப் போச்சு. அதில இருந்து பிரிஞ்சவங்க, இன்னும் வேற வேற ஆளுக, எல்லாம் சேர்ந்து அடிமைத்தனம் இதுக்கு மேல பரவக் கூடாதுன்னு ரிபப்ளிகன் கட்சியை ஆரம்பிச்சாங்க. டெமாக்ரட் கட்சி அடிமை வெச்சிருந்தவன் பக்கம் சாய்ஞ்சு, கடைசியில அதுவும் ரெண்டா ஒடைஞ்சுது. அப்புறம் நூறு வருஷத்தில ரெண்டு கட்சியும் ஆளையே மாத்திக்கிச்சு. பேரு மட்டும் அதே பேரு. புள்ளைக வருஷா வருஷம் குழம்பிச் சாகுதுக."

"நம்ம ஊர்ல பாக்காததா," ன்னு சொல்லிட்டு டம்ளரை எடுத்தா. அப்புறம் சாதாரணமாக் கேட்டா: "நான் பெரியவர் பங்குலதானே வர்றேன்? டிக்சன் தம்பி சொல்லுச்சு. லயம் தம்பி பக்கம் போயிடுமாமே. கோழிக் கூண்டை எங்கிட்டு வெக்கணும்னு சொன்னா வெரசா மாத்திடுவேன்."

பையைத் திறந்து லிஸ்ட்டை எடுத்தேன். ஆறாவது வரி: 'பம்புசெட் ஒன்று, மருந்தடிக்கும் மெஷின் இரண்டு, கந்தம்மாள், மூத்தவர் பங்கு.' நான் அடிச்சது. ஒரு எழுத்துப் பிழை கூட இல்ல. அண்ணன் சொன்னான், நான் அடிச்சேன், மணி அடிச்சதும் கிளாஸுக்குப் போய் அடிமை முறையைப் பத்திப் பாடம் எடுத்தேன். எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கிறதுன்னே தெரியல. திருத்தாத பேப்பரை அப்படியே மூடி வெச்சுட்டு ஜீப் புடிச்சேன்.

வக்கீல் ஆபீஸ்ல அண்ணன் ஒரு பெஞ்சு, தம்பி எதிர்ப் பெஞ்சு. ஆறாவது வரியை எடுக்கணும்னேன்.

"எடுத்துட்டுப் போ," ன்னான் அண்ணன். "எழுதலைன்னாலும் அவ எங்கிட்டதான் வேலைக்கு வருவா."

"ரூம் என் பங்கு," ன்னான் டிக்சன். "அதை இடிச்சுட்டு ஹோம்ஸ்டே கட்டப் போறேன் அக்கா."

"அவ எங்கடா போவா?"

"அண்ணன் பக்கம் மாட்டுக் கொட்டகை சும்மாத்தானே கெடக்கு."

பேரு இருந்தா அவ பம்புசெட். பேரை எடுத்தா அவளுக்கு மாட்டுக் கொட்டகை. என்னத்தைத் திருத்துறது? அந்த ரூமையும் சுத்தி மூணு சென்ட்டையும் கந்தம்மாள் பேருக்கு எழுதுங்க, என் பங்குல கழிச்சுக்கோங்கன்னு சொல்லிட்டேன்.

"உனக்கு ஏது பங்கு?" ரெண்டு பேரும் ஒரே குரல்ல கேட்டாங்க.

"சட்டப்படி டீச்சருக்கு மூணுல ஒண்ணு இருக்குங்க," ன்னார் சுவாமிநாதன், ஃபைலைப் பாத்துக்கிட்டே.

அவ்வளவுதான். டிக்சன் எந்திரிச்சுப் போய் அண்ணன் பெஞ்சுல உட்கார்ந்தான். பதினோரு வருஷமா ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பாக்காத பயலுக. "ஏலே டிக்சன், இவ படிச்ச படிப்பைப் பாத்தியாலே," ன்னு அண்ணன் அவன் தோள்ல கையைப் போட்டான். பழைய கட்சி ஒடைஞ்சு புதுக் கட்சி எப்படிப் பொறக்குதுன்னு இத்தனை வருஷம் பாடம் எடுத்திருக்கேன், கண்ணால பாத்தது அன்னைக்குத்தான். அடுத்த நிமிஷம் ரெண்டு பேரும் சேர்ந்து டீ குடிக்கக் கெளம்பினாங்க.

வாசல் வரைக்கும் போன அண்ணன் திரும்பி வந்தான். "நீ கையெழுத்தைப் போடு செலினா. அவளை நாங்க பாத்துக்கிறோம். பைபிள் மேல சத்தியம். உனக்கு எதுக்கு இந்தச் சோலி?"

பேனா என் கையிலதான் இருந்துச்சு. நிஜமாச் சொல்றேன், போட்டிருப்பேன். அவ்வளவு அசதி எனக்கு. வாயில வந்தது வேற.

"கேட்டுட்டு வர்றேன்."

"யாரை?"

"கந்தம்மாளை."

"அவளை எதுக்குக் கேக்கணும்?" அண்ணன் நெசமாவே புரியாமத்தான் கேட்டான்.

நான் திரும்பி வந்தப்ப மூணு மணி. கந்தம்மாள் கிணத்தடியில கேரட் கழுவிட்டு இருந்தா. பக்கத்துக் கல்லுல உட்கார்ந்து எல்லாத்தையும் சொன்னேன். மண்ணைத் தேய்ச்சுக்கிட்டே கேட்டா.

"அந்தச் சண்டையில யாரு ஜெயிச்சது?"

"வடக்குப் பக்கம்."

"சொத்தா வெச்சிருந்த ஆளுகளை விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க."

"நெலம் எழுதிக் குடுத்தாங்களா?"

"குடுக்கிறோம்னாங்க. சில இடத்தில குடுக்கவும் செஞ்சாங்க. அடுத்த வருஷமே பிடுங்கிப் பழைய முதலாளிக்கே குடுத்துட்டாங்க."

"கப்பல் ஏத்துறப்ப எங்கப்பங்கிட்டயும் குடுக்கிறோம்னுதான் சொன்னாங்க." கையைச் சேலையில துடைச்சா. "நீங்க கையெழுத்துப் போடாதீங்க டீச்சரம்மா. எனக்கு எழுதின பொறவு போடுங்க."

"அப்ப ராஜி ஆகாது கந்தம்மா. கேஸ் இன்னும் பத்து வருஷம் இழுக்கும். எனக்கு முடியல."

"இழுக்கட்டும்மா. சிவில் நடக்கிற வரைக்கும் எதையும் இடிக்கக் கூடாதுன்னு கோர்ட்டு ஆர்டர் இருக்குல்ல?"

இந்தக் கேஸ் என்னைக்கு ஒழியும்னு பதினோரு வருஷமா முழங்கால் போட்டு ஜெபிச்சிருக்கேன். அத்தனை வருஷமும் அது இழுக்கணும்னு இதே தோட்டத்தில ஒருத்தி வேண்டிக்கிட்டு இருந்திருக்கா.

போனை எடுத்து வக்கீல்கிட்ட வாய்தா வாங்கச் சொன்னேன். கந்தம்மாள் கேரட்டைச் சாக்குல அள்ளிப் போட்டா.

"அப்ப கோழிக் கூண்டு?"

"அங்கனயே இருக்கட்டும்," ன்னேன்.