சகலைக்குக் கடைசி இடம்

சம்பளத்துக்கு ஆடும் அந்தக் கூடைப்பந்து அணியில் மட்டமான ஆட்டக்காரன் என்று ஒருவன்கூடக் கிடையாது. அதுதான் வினையே. பதினைந்து பேரில் பன்னிரண்டு பேர்தான் இறுதிப் போட்டிக்குப் போகலாம். யாரைக் கழிப்பது என்று கோச்சுக்கு மண்டை காய்ந்தது. ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை வரிசைப்படுத்தித் தாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

அத்தனை உயரமானவர்கள் நடுவிலும் நெட்டை என்று பேர் வாங்கியவன் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். கூடைக்கு அடியில் நின்று ஆட இருவர் உறுதியாகிவிட்டார்கள். மிச்சமிருந்த ஓரிடத்துக்கு அவனும் அவன் சகலையும்தான் போட்டி. அக்காவைக் கட்டியவன் இவன், தங்கையைக் கட்டியவன் அவன். சகலை தன்னைவிட ஒரு படி மேல் என்பது நெட்டைக்கு நன்றாகவே தெரியும். மற்றவர்கள் எப்படியும் அவனைத் தூக்கி மேலே வைப்பார்கள், நம் ஒருவனால் என்ன குடி முழுகிவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவனைக் கடைசியில் போட்டான்.

மறுநாள் கோச் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "யாரைக் கடைசியில போட்டீங்களோ, அவங்ககிட்ட நீங்களே போய் ஏன்னு சொல்லுங்க. சொல்ல முடியலைன்னா, வந்து மாத்திக் குடுங்க."

மாற்றிக் கொடுக்க நெட்டைக்கு மனம் வரவில்லை. உடை மாற்றும் அறையில் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான் சகலை. அவன் முகத்தைப் பார்க்காமல், இடது பக்கம் திரும்பும்போது நீ மந்தமாகிவிடுகிறாய், எதிராளி அந்த வழியாகவே புகுந்துவிடுவான் என்று வாய்க்கு வந்ததை அளந்தான். சண்டைக்கு வருவான் என்று நினைத்தான். வந்திருந்தால் எவ்வளவோ தேவலை. சகலை எழுந்து இடது பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். இன்னொரு முறை மெதுவாகத் திரும்பினான். பிறகு நேரே கோச் அறைக்குப் போனான்.

நெட்டை பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினான். கதவு திறந்தேதான் இருந்தது.

"இந்தத் தடவை நான் ஒதுங்கிக்கிறேன் கோச். நெட்டையை எடுங்க."

உன் ஆட்டத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லையே என்றார் கோச்.

"எனக்கும் தெரியலை. ஆனா அவன் என் சகலை. எனக்குக் கெட்டது நினைக்க மாட்டான்."

நெட்டைக்கு உடம்பெல்லாம் கூசியது. நான் சொன்னது பொய் என்று உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதுதான். அதற்குள் கோச் அவனைப் பார்த்துவிட்டார்.

"நீ ஆட ரெடியா?"

சகலையும் திரும்பிப் பார்த்தான். வெட்கத்தில் நெட்டையின் காது மடல்வரை எரிந்தது.

"ரெடி கோச்," என்றான்.