இரண்டாவது டிம்ப்னா

ரொட்டியின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருந்த ஃபிடெல்மாவின் கத்தி பாதியில் நின்றது. முன்னறையில், அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பெக் அத்தை குழந்தையை ஊருக்கே காட்டிக்கொண்டிருந்தாள்.

"இதோ பாருங்க, எங்க ரோஷீன் டிம்ப்னா! டிம்ப்னா போனா என்ன, அவ பேரு போகல."

பிறந்து ஆறு வாரமான குழந்தை. ரோஷீன் என்பது மட்டும்தான் முடிவாகியிருந்தது. அதனோடு சேரும் இரண்டாவது பெயர் பெற்றவளுக்கே இன்னும் தெரியாது. அதற்குள் சாவு வீட்டில் பேர் சூட்டு விழா நடந்து முடிந்துவிட்டது.

ஃபிடெல்மா கையைத் துடைத்துக்கொண்டு போய்க் குழந்தையை வாங்கினாள்.

"யாரு சொன்னா அத்தை, இந்தப் பேரை?"

"கோர்மக்தான். ஏன், இதுல என்ன சொல்ல வேண்டியிருக்கு? பாட்டி செத்த சூட்டுல பேத்திக்கு அந்தப் பேரை வைக்காம, சினிமாக்காரி பேரையா வைப்ப?"

அண்ணன் கோர்மக் வாசலில் நின்று துக்கம் விசாரிக்க வந்தவர்களின் கைகளைக் குலுக்கிக்கொண்டிருந்தான். டப்ளினிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். அம்மா படுத்திருந்த எட்டு மாதத்தில் மூன்று முறை வந்தான். மூன்று முறையும் தேநீர் ஆறுவதற்குள் கிளம்பினான். இப்போது மட்டும் காலையிலிருந்து நகரவில்லை. கறுப்பு டை, கலங்கிய கண், மூத்த பிள்ளை.

ஃபிடெல்மா அவனைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள். பெக் அத்தையும் பின்னாலேயே வந்தாள். அவள் இல்லாமல் அந்தக் குடும்பத்தில் எந்தச் சண்டை நடந்திருக்கிறது?

"அம்மா வேண்டாம்னு சொன்னா, கோர்மக். அவளே என்கிட்ட சொன்னா."

"அம்மா அப்படியெல்லாம் சொல்லியிருக்க மாட்டா."

"நீ இருந்தியா பக்கத்துல?"

"மருந்து மயக்கத்துல ஆயிரம் பேசுவாங்கடி. எங்க அப்பா கடைசி நாள்ல, பசு மாட்டைக் கூட்டிட்டு வா, பூசைக்கு நேரமாச்சுன்னாரு. கூட்டிட்டா போனோம்?" என்றாள் பெக் அத்தை.

"மயக்கம் இல்ல அத்தை. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. அம்மாவுக்கு முன்னாடி..."

கதவு திறந்தது. பக்கத்துப் பண்ணைக்காரி முட்டை சாண்ட்விச் தட்டோடு உள்ளே வந்து, மூன்று பேரின் கையையும் வரிசையாகக் குலுக்கினாள். "உங்க கஷ்டத்துக்கு ரொம்ப வருத்தப்படறேன்." அவள் போனதும் ஃபிடெல்மா மறுபடி ஆரம்பித்தாள். பன்றித் தொடைக்கறித் தட்டு வந்தது. மூன்றாம் தடவை பாதிரியாரே வந்துவிட்டார். அதோடு பேச்சு போயிற்று.

திங்கட்கிழமை மதியம்தான் அம்மா அதைச் சொன்னாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில் கிடந்தது.

"ரெண்டாவது பேரு திட்டறதுக்குத்தான்டி. கோவம் வந்தாத்தானே ரெண்டையும் சேத்துக் கூப்பிடுவோம்? அதனால கத்திப் பாத்துத்தான் வைக்கணும்" என்றாள்.

இருவரும் கத்திப் பார்த்தார்கள். ரோஷீன் க்ளேர், உள்ள வா! பரவாயில்லை, ஆனால் கோபம் போதவில்லை. ரோஷீன் பெர்னடெட்! "நீ கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள அவ சுவரேறிக் குதிச்சிருப்பா" என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலானது. இருமல் அடங்கியதும் ஃபிடெல்மா மெதுவாகச் சொன்னாள், "ரோஷீன் டிம்ப்னா."

அம்மாவின் முகத்தில் மிச்சமிருந்த சிரிப்பு மறைந்தது.

"வேண்டாம். அது என் பேரே இல்ல. எங்க அக்கா பேரு."

ஃபிடெல்மாவுக்கு அப்படி ஒரு பெரியம்மா இருந்ததே தெரியாது. நான்கு வயதில் கக்குவான் இருமலில் போனவள். அவள் போன பதினோராம் மாதம் அம்மா பிறந்தாள். செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்தக் காலத்தில் வழக்கம்தான். யாரும் தப்பாக நினைக்கவில்லை. பெயரோடு அவளுடைய கோட்டும் வந்தது, கட்டிலும் வந்தது.

"நவம்பர் மாசம் முழுக்கப் பூசையில செத்தவங்க பேரை வாசிப்பாங்கல்ல? டிம்ப்னா கில்ராய்னு வாசிக்கும்போது நான் முன் வரிசையில உக்காந்திருப்பேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க திரும்பிப் பாத்துச் சிரிக்கும். பேய்னு கூப்பிடும். எங்க அம்மா என்னைப் பாக்கறப்பல்லாம் எனக்குப் பின்னால யாரோ நிக்கற மாதிரிதான் பாப்பா. எழுபது வருஷம் அடுத்தவ பேரைத் தூக்கிட்டு நடந்தாச்சு. இவளுக்கு யாரும் போட்டுக் கழட்டாத பேரா வை. நாளைக்கு யோசிச்சுச் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை விடியும்போது அம்மா இல்லை.

அடக்கப் பூசையில் மன்றாட்டுகளை வாசிக்கக் கோர்மக் பீடத்துக்கு ஏறினான். நோயுற்றோருக்காக, செவிலியருக்காக என்று வாசித்துக்கொண்டே போனவன் தொண்டையைச் செருமினான்.

"எங்கள் அம்மாவின் பெயரைத் தாங்கி வந்திருக்கும் ரோஷீன் டிம்ப்னாவுக்காக..."

"அது அவ பேரு இல்ல!"

குழந்தையோடு எழுந்து நின்ற பிறகுதான் ஃபிடெல்மாவுக்குத் தன் குரல் கேட்டது. கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் கணவன் ஈமன் பரம சாது, சந்தையில் மாட்டுக்கு விலை கேட்கக்கூடத் தயங்குபவன். அவனும் எழுந்து அவள் பக்கத்தில் நின்றான். பாதிரியார் இருமினார். என்ன செய்வதென்று தெரியாத சனம், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முணுமுணுத்து வைத்தது.

அப்பாவின் கல்லறையிலேயே அம்மாவையும் இறக்கினார்கள். செபமாலை முடிந்து கூட்டம் கலைந்ததும் கோர்மக் நேராக வந்தான்.

"ஊர் நடுவுல மானத்தை வாங்கிட்ட. சந்தோஷம்தானே?"

"அவ பக்கத்துல ஒரு மணி நேரம் உக்காந்திருந்தா உனக்கும் சொல்லியிருப்பா. உனக்கு நேரமில்ல. இப்ப அவ வாயை நீ மூடாத."

அவன் முகம் சிவந்தது. மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டலில் ஆட்கள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். பெக் அத்தை மட்டும் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"செத்தவளுக்கு ஒரு மரியாதை பண்ணத்தானேடி சொன்னோம். அது ஒரு குத்தமா?"

"வாங்க என்கூட."

புல் ஈரமாக இருந்தது. அத்தைக்கு முட்டி வலி, இருந்தும் ஃபிடெல்மா நடையைக் குறைக்கவில்லை. தான் காட்டப்போகும் கல்லை அவளே நேற்றுக் காலை தேடித்தான் கண்டுபிடித்திருந்தாள். மூன்று வரிசை தள்ளி, வேலியோரம், முழங்கால் உயரம்கூட இல்லை. அதன் முன்னால் அத்தையை நிறுத்தினாள்.

பெக் அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தாள். "டிம்ப்னா கில்ராய். 1951. வயது நாலு."

"அம்மாவோட அக்கா. அம்மா பொறக்கறதுக்கு முன்னாலயே அவ பேரு கல்லுல ஏறிடுச்சு, அத்தை. வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவளை இங்க கொண்டாந்து நிக்க வெச்சிருக்காங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கத்துக்கிட்ட வயசுல, அவ தன் பேரை இதுலதான் படிச்சிருப்பா."

அத்தை கல்லை மறுபடி ஒருமுறை படித்தாள். சாலையில் ஒரு டிராக்டர் வந்து, கறுப்பு உடையில் கலைந்து போகிறவர்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக் கடந்து போயிற்று.

"நாப்பத்தஞ்சு வருஷம் பழகினோம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"நீங்க யாரும் கேக்கலியே."

குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது. பெக் அத்தை கைப்பையைப் புல்லில் வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். கையுறை இரண்டையும் உருவிக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டினாள். ஃபிடெல்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் குழந்தையைக் கொடுத்தாள்.

அத்தை அதன் முகத்தைக் கல் பக்கமிருந்து சாலைப் பக்கமாகத் திருப்பித் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"ரோஷீன்" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டாள்.