டில்னிக்குத் தரை சரிந்த கதை

ஆம்ப்ரோஸ் டில்னி கால்பந்தை உருட்டிக்கொண்டு ஓடினால் அவருக்கு முன்னால் தரை சரிந்துகொடுக்கும். வட இங்கிலாந்தில் லங்காஷயரின் கிரேடன்ஷா ஊர்க்காரர்கள் இதை 1873-லேயே கவனித்துவிட்டார்கள். மைதானம் மேடுபள்ளமில்லாத மட்டத் தரைதான். ஆனால் பந்து அவர் காலில் சேர்ந்ததும் எதிரணி கோல் பக்கம் பள்ளமாகிவிடும். அவர் தண்ணீர்போல் இறங்கிப் போவார். தடுக்க வருகிறவர்களோ மலையேறுகிறவர்களாக மூச்சிரைத்து, பாதி வழியில் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுவார்கள். பக்கத்து ஊர் அணி புகார் செய்ததால் நில அளவைக்காரர் ஒருவர் வந்தார். டில்னி ஓடும்போது சரிவு உண்டு, நின்றால் இல்லை என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். விதிகளில் தரையைப் பற்றி ஒன்றும் இல்லாததால் ஆட்டம் தொடர்ந்தது.

டில்னி தொழிலால் வக்கீல். ஆட்டத்துக்குக் காசு வாங்கமாட்டார். மோதி விழுந்த எதிராளியைத் தூக்கிவிட்டு, மண்ணைத் தட்டிவிட்ட பிறகுதான் அடுத்த அடி வைப்பார். கோல் காத்தவன் தறிக்காரன் ஜோப் எண்ட்விஸ்ல். அவன் வாய் சும்மா இருக்காது.

"உங்களுக்கென்னங்க ஐயா, போற பக்கமெல்லாம் இறக்கம். இங்க ஒத்தையா நின்னு விறைச்சுப்போறது நான்தான்."

"வாயாவது சூடா இருக்கே, ஜோப். அது போதும்."

இப்படிப் பத்து ஆண்டுகள் போயின. லண்டனில் இருந்த நாட்டு அணித் தேர்வாளர்கள் சரிவு விஷயத்தை வடக்கத்தியர் அளப்பு என்றே நினைத்திருந்தார்கள். டில்னிக்கு முப்பத்து நான்கு வயதானபோதுதான் ஸ்காட்லாந்துக்கு எதிராக இங்கிலாந்துக்கு ஆட வரும்படி தந்தி வந்தது. மனைவி லெட்டிஸ் வெள்ளைச் சட்டையில் இங்கிலாந்து அணியின் சின்னமான மூன்று சிங்கங்களைத் தைத்துக்கொடுத்தாள். டில்னி அதைப் போட்டுப் பார்த்து, கழற்ற மனமில்லாமல் அப்படியே இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்.

புறப்பட்ட அன்று மதியம், ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில், குன்றின் மேலிருந்த நூற்பாலையிலிருந்து புகை எழுவதைக் கண்டார். படிக்கட்டு எரிந்துபோய், மேல்மாடிச் சன்னல்களில் பெண்கள் கூக்குரலிட்டுக்கொண்டிருந்தார்கள். தீயணைப்பு வண்டியோ அடிவாரத்திலேயே சிக்கிக்கிடந்தது. கற்சாலை முழுக்கப் பனி உறைந்து, குதிரைகள் முழங்காலிட்டு விழுந்தன. வண்டியைத் தோள்கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்த ஜோப் நிமிர்ந்து பார்த்தான்.

"ஐயா! பையில பந்து இருக்கா?"

"இருக்கு. ஆனா மேட்டுல நான் ஓடிப் பார்த்ததே இல்லையே, ஜோப்."

"இன்னிக்குப் பாருங்க. மேல எம் பொண்ணு ஹெப்ஸிபா இருக்கா."

ரயில் கூவியது. டில்னி அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பந்தைக் கீழே வைத்தார். முதல் உதைக்குப் பந்து உருண்டு திரும்பி அவர் முழங்காலையே இடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தட்டினார். குன்று முனகியது. பிறகு களைத்த மாடு படுப்பதுபோல் மெல்ல முன்பக்கம் சாய்ந்தது. டில்னி ஓடினார், அவர் பின்னால் வண்டி உருண்டது, அது தங்கள்மேல் ஏறிவிடாமலிருக்கக் குதிரைகள் நாலுகால் பாய்ச்சலில் ஓடவேண்டியிருந்தது. ஏணி வைத்து எல்லாப் பெண்களையும் இறக்கினார்கள். ஹெப்ஸிபாவின் பின்னல் நுனி கருகியிருந்தது, அவ்வளவுதான். ஜோப் மகளைக் கட்டிக்கொண்டான்.

ஸ்காட்லாந்துக்கு எதிராக வேறொருவர் ஆடினார். தேர்வாளர்கள் டில்னியை அப்புறம் கூப்பிடவில்லை. அதோடு, மறுநாள் காலை அவர் வாசலில் இறங்கியபோது தெரு செங்குத்தாக எழுந்து நின்றது. அன்றுமுதல் எந்தத் தரையும் அவருக்கு மேடுதான். மருத்துவர் காலைத் தட்டிப் பார்த்து, காலில் குறையில்லை, தெருவில்தான் குறை என்றார்.

"வருத்தமா இருக்கா?" என்று லெட்டிஸ் ஒருநாள் கேட்டாள்.

"இருக்கு. சட்டை ரொம்ப எடுப்பா இருந்துச்சு" என்றார் டில்னி. பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு ஏறத் தொடங்கினார்.

அவர் தெருவில் தென்பட்டால் பக்கத்தில் போகிறவர் முதுகில் கைகொடுத்துத் தள்ளிவிடுவது ஊர் வழக்கமானது. நரைத்த பிறகும் அது நிற்கவில்லை. ஒருமுறை மான்செஸ்டரிலிருந்து வந்த துணி வியாபாரி ஒருவர், ஜோப் வியர்க்க வியர்க்க டில்னியைத் தள்ளிப்போவதைப் பார்த்துச் சிரித்தார்.

"மட்டமான ரோடுதானேப்பா?"

"உமக்கு மட்டம். அவருக்கு மேடு" என்றான் ஜோப். "சும்மா நிக்காம இந்தப் பக்கம் ஒரு கை போடும்."

வியாபாரி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வந்து கைபோட்டார். கனமாகத்தான் இருந்தது.