திருக்கைத் தோல் பிடி

மேற்குத் தாம்பரத்தில் என் வீட்டுக்கு வருகிற கத்திகளில் பாதி திப்பு சுல்தானுடையவை, மீதி கட்டபொம்மனுடையவை. கொண்டு வருகிறவர்கள் அப்படித்தான் சத்தியம் செய்வார்கள். பழைய ராணுவக் குத்துவாள்களைச் சேர்ப்பது எனக்கு இருபது வருஷப் பைத்தியம். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். இரும்பைப் பார்த்தே வயது சொல்லிவிடுவேன் என்று கொஞ்சம் திமிரும் உண்டு.

1988இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்க்கெட்டில் எனக்கு மீன் போடும் அங்காளம்மா தன் அப்பாவோடு வந்தாள். கோவளத்துக் கோபு. யுத்த காலத்தில் பட்டாளத்தோடு பர்மா போனவர். அங்கே ஒரு ஜப்பான் அதிகாரி தனக்குக் கத்தி கொடுத்ததாக நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பழைய சாமான் விற்கும் மூர் மார்க்கெட்டில் வாங்கியது என்று குப்பமே சிரிக்கும். பெயரே ‘ஜப்பான் கோபு’ ஆகிவிட்டது. மார்க்கெட்டில் அவளையும் ‘ஜப்பான் பொண்ணு’ என்று சீண்டுவார்கள். பதிலுக்கு அவள் கைக்குக் கிடைத்த மீனை வீசியதை நானே பார்த்திருக்கிறேன்.

“நெசமா, டூப்பான்னு நீங்க சொல்லிடுங்க சார்” என்றாள் அவர் காதில் விழாமல். “எனக்கே தெரியல. பொய்யன்னு பேர் வாங்கிக்கினே எங்க நைனா போயிடக் கூடாது.”

துணியைப் பிரித்தேன். எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறியது. அலகு புது சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி பளபளத்தது.

“யார் பண்ணின வேலை இது?”

“நான்தான் சார். குரோம்பேட்டைல பாலிஷ் போட்டாந்தேன். உங்க வூட்டுக்கு எடுத்தாறப்போ துருவோட எப்டி எடுத்தாறது?”

பெரிய மனுஷர் வீட்டுக்குப் போகும்போது நல்ல சேலை கட்டுவதில்லையா, அந்த மரியாதையைக் கத்திக்கும் செய்திருக்கிறாள். இரும்பின் ரேகை, பழைய கறை எல்லாம் குரோம் முலாமுக்கு அடியில் போய்விட்டன.

“கொன்னுட்டியே!” என்று கத்திவிட்டேன். “இதுல இனி நான் எதைப் பாக்கறது? ஸ்பூனா இது?”

அவள் முகம் செத்துப்போயிற்று. கோபுதான் நிதானமாகப் பேசினார். “புடியைத் தொட வுடல சார். கழட்டணும்னான் பாலிஷ்காரன். கூடாதுன்னு, பிளாஸ்டிக் பை சுத்திக் கட்டிட்டு, நானே முலாம் தொட்டிகிட்ட நின்னேன்.”

“ஏன்?”

“குடுத்தவன் புடியத் தட்டிக் காட்டிக் கும்பிட்டான். கழட்டாதேன்னு சொல்றான்னு நெனச்சேன்.”

யுத்தம் முடிந்து, பிடிபட்டவர்களுக்குக் காவல் இருந்தபோது நடந்தது. அந்த அதிகாரி குளிர் ஜுரத்தில் கிடந்தானாம். பாயின் கீழ் ஒளித்திருந்த கத்தியைக் கோபு பார்த்துவிட்டார்.

“பாத்தா, புடில திருக்கைத் தோலு சார்! எனக்குச் சிரிப்பு வந்துச்சு. எங்க கடல்லயும் இது கீதுன்னு மண்ணுல வரைஞ்சு காட்னேன். அவனும் சிரிச்சான். எங்கம்மா குடுத்த அம்மன் துண்ணூறை நெத்தில வெச்சுட்டு, பொட்டலத்தோட அவன் கைல குடுத்தேன். ஜுரம் வுட்டுச்சு. வேற ஊருக்கு அவனை ஏத்தறப்போ, இத்த என் கைல திணிச்சான்.”

ஜப்பான் கத்தியின் உண்மை பிடிக்குள் இருக்கும். செய்தவன் தன் பெயரை அங்கேதான் வெட்டுவான். அங்கே ஏறும் துருவை மட்டும் யாரும் துடைப்பதில்லை; கத்தியின் வயதைச் சொல்வது அதுதான். எல்லாவற்றையும் பிடித்து நிறுத்துவது ஒரே ஒரு மூங்கில் ஆணி. கழற்றலாமா என்று கேட்டேன். கோபு மகளைப் பார்த்தார். பிறகு சரி என்று தலையை ஆட்டினார்.

ஆணியைத் தட்டி எடுத்துப் பிடியை மெல்ல உருவினேன். உள்ளே இரும்பு கருப்பட்டி நிறத்தில் இருந்தது. போலி என்றால் துரு சிவப்பாகக் கையில் ஒட்டும். இது ஒட்டவில்லை. ஆணி ஒன்றுதான், ஆனால் இரும்பில் துளைகள் இரண்டு இருந்தன. அப்படியென்றால், எந்தக் காலத்துக் கத்திக்கோ யுத்தத்துக்காகப் புதுப் பிடி போட்டிருக்கிறார்கள். பெயர் எழுத்துகள் எனக்குப் புரியவில்லை. ஆனால் முந்நூறு வருஷத்துக்குக் குறையாது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் பிடியின் குடைவுக்குள் ஒரு தாளைப் பார்த்தேன். பிடி ஆடினால் தாளை மடித்துச் சொருகி இறுக்குவது உண்டு. ஜப்பான் எழுத்தாக இருக்கும் என்று இடுக்கியால் எடுத்து விரித்தேன்.

தமிழ்.

தேதி கிழிக்கும் காலண்டர் தாள். ‘தாரண வருஷம், ஆடி, வெள்ளி.’ 1944. மடிப்பில் கொஞ்சம் சாம்பல் பொடி, ஓரத்தில் குங்குமக் கறை.

கோபு தரையில் உட்கார்ந்துவிட்டார். “எங்கம்மா மடிச்ச பொட்டலம் சார். கோயில்ல கூழ் ஊத்தன அன்னிக்குத்தான் நான் கெளம்பனேன். தூக்கிப் போட்டிருப்பான்னு நெனச்சேன். உள்ள வெச்சிருக்கான்னு காட்டத்தான் தட்டிக் கும்பிட்டிருக்கான்!”

எந்தத் தேசத்துக் கொல்லனோ அடித்த இரும்பை, கோவளத்தில் ஒரு தாய் மடித்த தாள் நாற்பது வருஷத்துக்கு மேலாக அசையாமல் பிடித்திருக்கிறது. அந்தத் தாள் என் வீட்டு டீப்பாயில் கிடந்தது. நான் வாராவாரம் போகும் தேவாலயத்தில்கூட எனக்குத் தானாக மண்டியிடத் தோன்றியதில்லை. அன்று தோன்றியது.

“நெசம்தான் அங்காளம்மா. அப்பா சொன்னது ஒவ்வொரு சொல்லும் நெசம்” என்றேன். “பெரியவரே, இந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டுங்க. ஊரே பாக்கட்டும்.”

“வேணாம் சார். அவன் வெச்ச எடத்துலயே வெச்சுடுங்க. இல்லாட்டி புடி ஆடும்.”

நான் வாதாடினேன். அவர் அசையவில்லை. தாளை மடித்து வைக்குமுன், அங்காளம்மா அந்தப் பொடியில் விரலைத் தொட்டு அப்பாவின் நெற்றியில் வைத்தாள். “நானும் நம்பல நைனா” என்று அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார்.

அடுத்த வாரம் மார்க்கெட்டுக்குப் போனேன். நண்டு விற்கும் சரசு வழக்கம்போல ஆரம்பித்தாள். “இன்னாடி ஜப்பான் பொண்ணு, இன்னிக்கு லேட்டு?”

மீன் பறக்கும் என்று நான் ஒதுங்கி நின்றேன். அங்காளம்மா எதையும் எடுக்கவில்லை. இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தாள்.

“ஆமாண்டி. ஜப்பான் கோபு பொண்ணுதான். இன்னா இப்போ?”